கண்மாய் தாண்டி நாலு கல்: செட்டிநாட்டுச் செம்மண் காட்டில் சுற்றிய அனுபவம்

செட்டிநாட்டுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வீடு பார்க்க வருகிறார்கள். கானாடுகாத்தானில் அரண்மனை, ஆத்தங்குடியில் பெரிய வீடு, காரைக்குடியில் ஒரு மெஸ்ஸில் மதியச் சாப்பாடு, பிள்ளையார்பட்டியில் ஒரு கும்பிடு. சாயந்திரம் மதுரைக்கோ திருச்சிக்கோ வண்டி ஏறிவிடுவார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் இந்த நாலு இடத்துக்கும் நடுவே, கார்க் கண்ணாடிக்கு வெளியே ஒரு காடு ஓடுகிறதே, செம்மண்ணும் சரளையும் சீமைக்கருவேலமுமாக, அதற்குள்ளேயும் ஊர்கள் இருக்கின்றன. நான் சுற்றியதெல்லாம் அங்கேதான்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. வாய்க்கால் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள். என் நாத்தனார் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. லீவு கிடைக்கும்போதெல்லாம் அவர் வீட்டில் போய் இறங்கி, அவருடைய ஸ்கூட்டியையும் டவுன் பஸ்ஸையும் நம்பிப் பல வருஷமாக இந்தப் பக்கம் திரிகிறேன். கையில் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. தனியாகப் போகிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, உதவும் என்று தோன்றியதைச் சொல்கிறேன்.

இது பாலைவனம் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வருஷத்துக்கு 900 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற பூமி. சிக்கல் என்னவென்றால், அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மேலே செம்மண், கீழே செம்புறாங்கல். பெய்த தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் மனிதன் கரை கட்டி நிறுத்தினால்தான் உண்டு. தேனாறு, மணிமுத்தாறு, விருசுழியாறு, பாம்பாறு என்று பெயருக்குக் குறைவில்லை. பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலும் நாணலும்தான் தெரியும். வேனிலில் 38, 39 டிகிரி சாதாரணம். அக்னி நட்சத்திரத்தில் தார் ரோடு செருப்பில் ஒட்டும்.

எந்த ஊரும் காரைக்குடியிலிருந்து வெகு தூரம் கிடையாது. 30 கிலோமீட்டருக்குள் செட்டிநாட்டில் பெரும்பகுதி அடங்கிவிடும். இருந்தும் சில ஊர்களுக்குப் போய்த் திரும்ப ஒரு பகல் முழுக்க ஆகிவிடும். காரணம் பஸ். உள்ளூர் டவுன் பஸ்ஸெல்லாம் பள்ளிக்கூட நேரத்துக்கும் சந்தைக்கும் ஏற்றபடிதான் ஓடும். காலையில் இரண்டு, சாயந்திரம் இரண்டு, நடுவில் வந்தால் வந்தது. செல்போனில் வருகிற நேரத்தை இந்த ரூட்டுகளில் நம்ப வேண்டாம். ஏறின உடனே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஒருவர் எனக்குச் சொன்னது இது: “இதே வண்டிதான்மா திரும்பி வரும். இருவது நிமிஷம் நிப்பேன், அதுக்குள்ள பாத்துட்டு வந்துருங்க. விட்டீகன்னா அப்புறம் பள்ளிக்கூடம் விட்டுத்தான் வண்டி.” இருபது நிமிஷத்தில் ஊர் பார்ப்பதாவது! நான் வண்டியை விட்டுவிட்டுத்தான் பார்த்தேன். நாள் முழுதும் இருக்கப் போகிறோம் என்று துணிந்துதான் இந்த ஊர்களுக்குக் கிளம்ப வேண்டும்.

இன்னொன்றும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்: கடைசி வண்டி அந்த ஊரிலேயே ராத் தங்குகிறதா, டவுனுக்குத் திரும்புகிறதா? ஹால்ட் வண்டி என்றால் டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்து, விடியற்காலை முதல் நடையை எடுப்பார்கள். அதில் ஏறிப் போனால் அன்றைக்குத் திரும்ப வழியில்லை என்று அர்த்தம். 2021இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் ஊருக்குள் போக்குவரத்து நன்றாகவே மாறியிருக்கிறது. முன்னெல்லாம் சந்தைக்கு மட்டும் வெளியே வந்த அப்பத்தாக்கள் இப்போது மகள் வீட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, சும்மா ஒரு கோயிலுக்கு என்று கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்து சீட்டில் ஓர் அப்பத்தா வாய்த்தால் அந்த ரூட்டில் உள்ள அத்தனை ஊரின் கதையும் கைக்கு வந்துவிடும். மினி பஸ்ஸுக்குக் காசு உண்டு, சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

காலை பதினொன்றிலிருந்து சாயந்திரம் நாலு வரை ஊர் அடங்கிக் கிடக்கும். தெருவுக்குத் தெரு ஓடும் நீள நீள வீடுகள், ஒரு நாய்கூடக் குரைக்காது. வெளியூரிலிருந்து வருபவர்கள் அந்த நேரத்தில் பார்த்துவிட்டுத்தான் ஊரே செத்துக் கிடக்கிறது என்று எழுதுகிறார்கள். அதே தெருவில் காலை ஆறரைக்கு நின்று பாருங்கள். பால்காரர், கோலம் போடுகிறவர்கள், குடத்தோடு போகிறவர்கள், நூறு நாள் வேலைக்குத் தூக்குவாளியோடு சேருகிறவர்கள் என்று நடமாட்டம் இருக்கும். ஊர் சுற்ற ஆறிலிருந்து பத்து. அப்புறம் நாலரையிலிருந்து இருட்டும் வரை. நடுவில் எங்காவது நிழலில் ஒண்டிவிட வேண்டும்.

நிழல் என்றதும் தண்ணீர் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் இந்த நாட்டில் எல்லாம் அதைச் சுற்றித்தான் இருக்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கம் குளம், ஏரி என்போம். இங்கே வயலுக்குக் கண்மாய், குடிக்க ஊரணி. கண்மாயின் தண்ணீர் ஒன்றுக்கொன்று தொடர்ச்சி. மேலூர்க் கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழிந்தால் கீழூர்க் கண்மாய்க்கு வரத்து. ஊரணி வேறு மாதிரி. சதுரமாகவோ நீள் சதுரமாகவோ வெட்டி, நாலு பக்கமும் செம்புறாங்கல்லால் சுவரும் படியும் கட்டி, உள்ளே மழைத் தண்ணீர் மட்டும் வந்து சேரும்படி வாய்க்கால் விட்டிருப்பார்கள். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வீடுகளின் ஓட்டுச் சரிவெல்லாம் நடு முற்றத்தைப் பார்த்திருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழும். விழுகிற இடத்தில் அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடிப்பார்கள். மிஞ்சியது முற்றத்து ஓட்டை வழியாகத் தெருக் கால்வாய்க்குப் போய், அங்கிருந்து ஊரணியைச் சேரும். ஒரு வீட்டின் கூரை, அந்தத் தெருவின் சரிவு, ஊர்க் கோடியில் இருக்கும் பள்ளம், இந்த மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பர்மாத் தேக்கையும் இத்தாலிப் பளிங்கையும் வாயைப் பிளந்து பார்ப்பவர்கள் காலடியில் அந்த முற்றத்து ஓட்டையையும் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தபோதும் தனித் தனி வீடாக அல்ல, ஊர்க் கூட்டமாகத்தான் செட்டிநாடு சேர்ந்தது.

குடி ஊரணிக்கு என்று நடைமுறை உண்டு. திருமயம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சிற்றூர், பெயர் வேண்டாம். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் படியில் இறங்கப் போனேன். மேலேயிருந்து ஓர் அப்பத்தா குரல் கொடுத்தார்.

“எங்கிட்டு இருந்து வாரீக?”

“தஞ்சாவூர்ப் பக்கம், அப்பத்தா.”

“ஆத்துத் தண்ணி ஊரு. அதான். செருப்ப அங்கிட்டு விட்டுட்டு வாத்தா. காலு நனைக்கப்புடாது. மொகம் கழுவணும்னா இந்தா, இந்தச் செம்புல எடுத்து மேல வந்து கழுவிக்க.”

அந்த ஊருக்குக் குழாய் வந்து வெகு காலமாகிறது. காவிரித் தண்ணீர்கூடக் குழாயில் வருகிறது. ஆனாலும் சோற்றுக்கும் குடிக்கவும் ஊரணித் தண்ணீர்தான் என்று அவர் பிடிவாதம். பருப்பு அதில்தான் வேகுமாம். கலங்கல் இருந்தால் தேத்தாங்கொட்டையைப் பானைக்குள் இழைத்துவிட்டு வைப்பார்கள். ஒரு ராத்திரியில் அடியில் படிந்துவிடும். எனக்கும் ஒரு செம்பு கொடுத்தார். அண்ணாந்து குடித்தேன், சப்பென்று இனித்தது. ஆனால் இதை எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த ஊர்க்காரர்களே கொதிக்க வைத்துக் குடிக்கிற வீடுகள் இருக்கின்றன. வெளியிலிருந்து வருபவர்கள் ஆளுக்கு மூன்று லிட்டர் கையில் வைத்துக்கொண்டு கிளம்புவதுதான் புத்திசாலித்தனம். பாட்டில் தண்ணீர் கிடைக்கும் கடை மெயின் ரோட்டில்தான் இருக்கும். காரைக்குடி டவுனில் தங்கினால் சம்பை ஊற்றுத் தண்ணீர் என்று சொல்வார்கள். அது நல்ல தண்ணீர், பெயரும் பெற்றது.

எந்த ஊரணியில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்பதற்கு இந்தப் பக்கத்தில் கசப்பான பழங்கதையும் உண்டு. முழுக்கப் பழங்கதை என்றும் சொல்ல முடியாது. ஊருக்கு வெளியே தனியாக ஒரு குடியிருப்பு, அதற்குத் தனியாக ஒரு சின்ன ஊரணி, அது மட்டும் தூர் வாராமல் கிடப்பது கண்ணில் படும். சுற்றுலாக் கண்ணோடு போகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேயும் போய் நின்று பேச வேண்டும்.

வீடுகள் விஷயத்துக்கு வருகிறேன். ஆத்தங்குடிப் பெரிய வீட்டைக் காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1912இல் கட்டி முடித்த அரண்மனையை வெளியிலிருந்து பார்க்கலாம். ஓட்டலாக மாற்றிய வீடுகளில் தங்கினால் உள்ளேயே படுத்துத் தூங்கலாம், பணம் இருந்தால். மற்றவை பூட்டுத்தான். அந்தப் பூட்டுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று: சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் பார்த்துக்கொள்கிறவர் என்று ஒருவர் இருப்பார். எதிர்வீட்டுத் திண்ணையிலோ பெட்டிக்கடையிலோ விசாரித்தால் தெரியும். நேரே போய் “வீட்டைத் திறந்து காட்டுங்க” என்றால் காரியம் நடக்காது. உட்கார வேண்டும், எந்த ஊர், யார் வீடு என்று சொல்ல வேண்டும், அவர் வெற்றிலை போட்டு முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்துதான் அரிமழம் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பெரியவர் எனக்குக் கதவைத் திறந்தார். எழுபதுக்கு மேலிருக்கும். அவருடைய அப்பாவும் அதே வீட்டில் அதே வேலை பார்த்தவர்.

“சாவி ஒண்ணுதான் எங்கிட்ட. பூட்டு பத்து. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ரூம்பு, அவுக அவுக பூட்டு,” என்றார்.

நகரத்தாரில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. தாத்தா கட்டிய வீட்டில் பேரன்மார் தலைமுறைக்கு வருவதற்குள் புள்ளிகள் பெருகிவிடும். ஒருவர் சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில், இன்னொருவர் மலேசியாவில். வளவு என்கிற முற்றத்துக் கட்டைச் சுற்றி இருக்கும் இரட்டை அறைகள் ஆளுக்கொன்று. முற்றமும் பட்டாலையும் பொது. ஓடு மாற்ற வேண்டுமென்றால் எல்லாப் புள்ளியும் ஒத்துக்கொண்டு பங்குப் பணம் போட வேண்டும். ஒருவர் இழுத்தால்கூட மழை உள்ளே வரும். அந்த வீட்டின் இரண்டாங்கட்டில் ஆலஞ்செடி சுவரைப் பிளந்துகொண்டு வந்திருந்தது. பெரியவர் அதை வெட்டி வெட்டி ஓய்ந்து போயிருந்தார். “சொல்லியாச்சு. அடுத்த நோம்புக்கு வரயில பாத்துக்கலாம்னு சொல்லிருக்காக,” என்றார். அவருக்கு மாதச் சம்பளம் வருகிறது, மூன்று பங்காளிகளிடமிருந்து. மற்றவர்கள் நினைத்தால் கொடுப்பார்கள்.

இந்த வீடுகள் எழுந்த பணம் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வட்டித் தொழிலில் வந்தது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததோடு அந்த ஆட்டம் உடைந்தது. பிறகு சொத்தெல்லாம் அங்கேயே போக, ஆட்கள் பெரிய ஊர்களுக்குப் போனார்கள். வீடு மட்டும் இங்கே நின்றுவிட்டது. இந்தக் கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் போனபின் அந்த ஊரில் மிச்சம் இருந்தவர்கள், சமையல்காரர், தச்சர், மண்பாண்டம் செய்யும் வேளார், தோட்டக்காரர், வண்டிக்காரர், ஆடு மேய்க்கிறவர், அவர்கள் என்ன ஆனார்கள் என்பதை எழுதியவர்கள் குறைவு. சாவிக்காரரிடம் உட்கார்ந்தால் அந்தக் கதை கிடைக்கும். எனக்கு வீட்டைவிட அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

வெளியே வரும்போது கையில் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டு வருவது முறை. “டிப்ஸ்” மாதிரி நீட்டாதீர்கள். “பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் குடுங்க ஐயா” என்று சொல்லிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். பூட்டிய அறைகளைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. உள்ளே எடுத்த போட்டோவை ஊர்ப் பெயர், தெரு அடையாளத்தோடு இணையத்தில் போடவும் கூடாது. ஆளில்லாத வீட்டில் எங்கே என்ன இருக்கிறது என்று விளம்பரம் செய்வதில் முடியும். கதவும் தூணும் திருட்டுப் போகிற ஊர்கள் இவை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. பார்க்கச் சுவாரசியமான தெருதான். எனாமல் தூக்குகளும் பீங்கான் ஜாடிகளும் வாங்கலாம். செதுக்கிய நிலைக்கதவு வாங்கும் ஆசை வந்தால், அது எந்த ஊரிலிருந்து எப்படி வந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

ஊரை விட்டு வெளியே போனால் முள்ளு ராஜ்யம். சீமைக்கருவேலம் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது, பின்னால் விறகுக்கென்று பரப்பினார்கள். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது ஜேசிபிகள் இறங்கின. அடுத்த மழையில் அது திரும்பத் துளிர்த்தது. திட்டுகிறவர்கள் பாதிப்பேர் என்றால் அதை வைத்தே அடுப்பு எரிக்கிறவர்கள் மீதிப் பேர். விறகு வெட்டி, அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் முள்காட்டுக்குள் ஒரு மண்மேடு புகைந்துகொண்டிருக்கும். பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டு ஒரு குடும்பம் காவல் இருக்கும், மூட்டம் பிளந்து தீப்பிடித்தால் அத்தனை உழைப்பும் சாம்பல் என்பதால். அவர்களிடம் பேசப் போனால் காற்று வரும் பக்கம் நில்லுங்கள். கண் எரியும், மூச்சும் முட்டும்.

வண்டிக்காரர்களுக்கு: இந்த முள் டியூப் டயரைச் சும்மா விடாது. மண் பாதையில் போகிறவர்கள் டியூப்லெஸ் டயர், ஒரு பஞ்சர் கிட், கைப் பம்பு இந்த மூன்றும் இல்லாமல் இறங்க வேண்டாம். ரப்பர்ச் செருப்பு போட்டிருந்தால் முள் அடியில் ஏறி மேலே வரும், ஷூ போடுங்கள். ஒதுங்கும்போது புதருக்குள் போகாதீர்கள். கட்டுவிரியன் நடமாடுகிற பூமி. பெண்களுக்கு நான் சொல்வது, கழிப்பறைக்கு மெயின் ரோட்டுப் பெட்ரோல் பங்க்கை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்; ஊருக்குள் பள்ளிக்கூடம், அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டால் முகம் சுளிக்காமல் விடுவார்கள். தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் சிலர் உண்டு. இந்த வெயிலில் அது விஷப் பரீட்சை.

செல்போன் வரைபடம் பற்றியும் ஒரு வார்த்தை. கண்மாய்க் கரை, மாட்டுவண்டித் தடம், தைல மரக்காட்டு வரப்பு எல்லாவற்றையும் அது ரோடு என்று காட்டும். நீல நிறத்தில் தண்ணீர் காட்டுகிற இடத்தில் ஆடு மேயும். சிக்னலும் சில பள்ளங்களில் போய்விடும். கிடை போட்டிருக்கிற கீதாரி யாராவது தென்பட்டால் வழி கேட்க அவரைவிட நல்ல ஆள் இல்லை. அறுத்த வயலில் ஆட்டை அடைத்து எருவுக்குக் கூலி வாங்குகிறவர், ஊர் ஊராக நடந்தே போகிறவர். எந்தத் தடத்தில் வண்டி போகும், எதில் ஆடு மட்டும் போகும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

மத்தியான நிழலுக்கு ஐயனார் கோயில். முள்காட்டுக்கு நடுவே திடீரென்று பெரிய மரங்கள் கூடி நின்றால் அது பெரும்பாலும் கோயில் காடாகத்தான் இருக்கும். விறகு பஞ்சத்திலும் அந்த மரத்தில் யாரும் கை வைப்பதில்லை. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வரும் ரோட்டில் நமணசமுத்திரத்தில் மண் குதிரைகள் அணிவகுத்து நிற்பதைப் பார்க்கலாம். அவ்வளவு பிரபலமில்லாத ஊர்களிலும் புரவி எடுப்பு நடக்கிறது. வேளார் செய்து கொடுக்கிற குதிரையை ஊர் தோளில் சுமந்து கொண்டுபோய் வைக்கும். பழைய குதிரை உடைந்து கிடந்தாலும் எடுக்கக் கூடாது, நினைவுப் பொருள் என்று ஒரு காதைக்கூட. காட்டு எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். குச்சி ஒடிக்கக் கூடாது. சில கருப்பர் கோயில்களில் பெண்கள் குறிப்பிட்ட கல்லைத் தாண்டிப் போவதில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் விருந்தாளியாகப் போன இடத்தில் கேட்டுவிட்டு நிற்கச் சொன்ன இடத்தில் நின்றேன், கோபத்தை வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் காட்டினேன்.

சாப்பாடு பற்றி நிறைய எழுத ஆசை, ஆனால் உள்ளூர்களில் சாப்பிடக் கிடைப்பது டீயும் வடையும்தான். மெஸ் சாப்பாடு காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் மாதிரி டவுனில். மூன்று மணிக்குப் பிறகு இலை விழாது. பங்குனி, சித்திரையில் ரோட்டோரம் நுங்கும் பதநீரும் கிடைக்கும், விடாதீர்கள். வீட்டுச் சாப்பாடு வாய்த்தால் மண்டி கேளுங்கள். அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து, வெண்டைக்காயோ கத்தரிக்காயோ போட்டு வைப்பது. தண்ணீர் அரிதான ஊரில் கழுநீரைக்கூடக் கீழே கொட்டாமல் குழம்பாக்கியிருக்கிறார்கள். மாவத்தல், கத்தரி வத்தல், மோர் மிளகாய், உப்புக்கண்டம் எல்லாம் வெயிலைப் பிடித்து ஜாடியில் அடைத்து வைத்த சங்கதிகள். ஓட்டல்காரர்கள் செட்டிநாடு என்ற பெயரில் மிளகாயைக் கொட்டிக் கொடுப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

எப்போது போவது என்று கேட்கிறார்கள். கார்த்திகை மழை ஓய்ந்து மாசி வரை. அப்போது கண்மாயில் தண்ணீர் இருக்கும், காடு பச்சையாக இருக்கும். திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்க்குப் பறவைகளும் வந்திருக்கும். 1977இல் வேட்டங்குடிச் சரணாலயம் என்று அரசு அறிவித்த இடம் அது. கூடு கட்டிய பறவை மிரளும் என்று தீபாவளிக்கு அந்த ஊர்ப் பிள்ளைகள் வெடி வெடிப்பதில்லை. திருக்கார்த்திகை கழித்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. அப்போதும், பொங்கலை அடுத்து நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல் நடக்கும்போதும், பூட்டிய வீடுகள் திறக்கும். பழனிக்கு நடக்கிற நகரத்தார் காவடி தையில் குன்றக்குடி வழியாகப் போகும். அந்த நாட்களில் போனால் ஆட்களோடு வீட்டைப் பார்க்கலாம். ஆனால் அது அவர்கள் உறவோடு கூடுகிற நேரம், அழைப்பில்லாமல் படியேறுவது அழகில்லை. தங்குமிடமும் அப்போது கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

சித்திரை, வைகாசியில் போனால் இந்த நாடு எப்படித் தாக்குப் பிடிக்கிறது என்பது தெரியும். ஊரணிப் படி எத்தனை வெளியே தெரிகிறது என்று எண்ணிப் பார்த்து, ஆடி வரை தாங்குமா என்று பெண்கள் பேசிக்கொள்வதை அப்போதுதான் கேட்டேன். உடம்பு ஒத்துழைக்கிறவர்கள் ஒரு தடவை அந்தச் சமயத்திலும் போகலாம். குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

பஸ்ஸா, சொந்த வண்டியா, வாடகைக் காரா? ஆட்களைப் பார்க்க பஸ். கோயில் காடு, கண்மாய்க் கரையெல்லாம் பார்க்க ஸ்கூட்டி. வாடகைக் கார் எடுத்தால் டிரைவர் பெரும்பாலும் அதே நாலு இடத்துப் பட்டியலோடு வருவார். வலையபட்டி, கடியாபட்டி, ராயவரம், கோனாப்பட்டு என்று ஊர்ப் பெயரை நீங்களே சொல்லி, உள் ரோட்டில் போகச் சொல்லுங்கள். கிளம்பும்போதே பேசி முடித்துவிட வேண்டும், கிலோமீட்டர் கணக்கா, நாள் வாடகையா என்று. நாள் வாடகைதான் நல்லது, இல்லாவிட்டால் நீங்கள் சாவிக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது அவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். மழை பெய்த மறுநாள் கண்மாய்க் கரையில் காரை ஏற்றச் சொல்லாதீர்கள், சக்கரம் புதைந்தால் இழுக்க டிராக்டர் வர வேண்டும். அதற்கும் வாடகை உண்டு.